கைவினை வரிசையில் நம் பொருள்கள்



நம் சங்கத்தின் கைவினைக் கண்காட்சியில் எவ்வெப்பொருள்கள் இடம்பெறத் தக்கவை என ஆராய்கின்றோம். தஞ்சைக் கைவினை என்றதும் ஓவியம், கலைத்தட்டு, தலையாட்டிப் பொம்மை என்பர். தஞ்சாவூர் வீணை 2013இலும் நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022இலும் புவிசார் குறியீடு பெற்றன. மகிழ்ச்சியே. ஆயின் மிருதங்கம்? பலாமரக் கட்டையில் ஆட்டுத்தோலும் பசுத்தோலும் பொருந்தி, எருமைத்தோல் வாரால் இறுக்கப்பட்டாலன்றி அதில் நாதம் எழாது. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்தளித்த பர்லாந்து, தஞ்சைத் தலித் கிறித்தவக் குடும்பத்தவர். இத்தகையோர் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் ஆங்கில நூலாக எழுதினார்.

மிருதங்கத்தை வைக்க யாரும் மறுப்பதில்லை, பறையில்தான் தயக்கம். சாவுக்கு அடிக்கும் கட்டாய ஊழியத்தை மறுத்துப் பறையைத் துறந்த மூத்தோரைப் பழித்தல் தகாது. அவர்கள் பட்டது நமக்குத் தெரியும். மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்ததால் மட்டும் அத்துயர் மறைந்துவிடாது. எனினும் பறையை வைப்போம். விரும்பிப் பயில்வோர் மேடையில் முழக்கட்டும். ஊர்ச்சாவுக்குக் கூப்பிட்டால் போகோம்.

கோரைப்பாய், மூங்கில் கூடை, முறம் ஆகியவையும் வருக. ஒவ்வொரு பொருளின் அருகிலும் செய்தவர் பெயரும் ஊரும் எழுதப்பெறும்.