காமன் பொட்டலில்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை காணும்பொழுது, பதுளைப் பகுதித் தோட்டங்கள் பலவற்றில் காமன் ஊன்றப்படுகின்றான். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை என விரியும் தேயிலைச் சரிவுகளில், நாளெல்லாம் கொழுந்தின் எடையையே பேசும் லயங்களில், அன்று முதல் இரதியும் மன்மதனுமே பேச்சு.

கதை நேயர்கள் அறிந்ததே. சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்தான். இரதியின் புலம்பலுக்கு இரங்கி இறைவன் அவனுக்கு உயிரளித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்த மக்கள், மூட்டையில் கட்டாமல் நெஞ்சில் சுமந்துவந்த உடைமை இது.

ஆடுகின்ற மனிதனைச் சற்றுக் கவனித்தல் வேண்டும். இரதியாக வருபவன் ஓர் ஆண்மகன். பகலில் முள்ளுக் குத்தவோ கவ்வாத்து வெட்டவோ செல்பவன். காப்புக் கட்டிய நாள்முதல் மாமிசமும் மதுவும் அவனுக்கு விலக்கு. எழுத்தறியாதவனாயினும் வாத்தியார் சொல்லச் சொல்லப் பாட்டுக்களைச் செவிவழியே மனத்தில் இருத்த வேண்டும். தப்பின் அடி மாறும் கணத்தில் காலும் மாற வேண்டும். மலைப்பனியில் விடிய விடிய ஆடியும் பாடியும், புலம்பல் கட்டத்திற்கென்று குரலைக் காத்து வைத்திருக்க வேண்டும். புதியவனுக்குத் தொண்டை கட்டுவதும் கால் வீங்குவதும் உண்டு. அருச்சுனன் தபசிலோ சோதனை வேறு: உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏற வேண்டும். அச்சம் மூச்சைப் பிடித்தால் பாட்டு அறுந்துவிடும்.

இத்தனை பாடு எதற்கு? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. பெரட்டுக் களத்தில் துரைக்கும் கங்காணிக்கும் முன் ஒடுங்கி நின்றவன், காமன் பொட்டலில் தெய்வமாக நிமிர்ந்து நின்றான். அந்நிமிர்வை அவனுக்கு எவரும் வழங்கவில்லை. இரவுதோறும் பழகி அவனே ஈட்டிக்கொண்டான்.

பெரட்டுக்கு ஆள் கூட்டிய தப்புத்தான் கூத்தையும் நடத்துகிறது. அதனை அடிப்போரைத் தாழ்வாக நடத்திய வழக்கம் இருந்ததை மறைப்பது முறையாகாது. அவர்களின்றி இரதி ஓரடி நகர முடியாது என்பதைக் கண்கூடாகக் கண்டும், லயம் அதனை எளிதில் ஒப்பவில்லை.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இந்தியா சென்ற குடும்பங்களோடு ஆட்டக்காரரும் வாத்தியார்களும் சென்றனர். பாட்டுக்களை ஏட்டில் எழுதி வைக்கலாம்; அடவை அவ்வாறு வைக்க இயலாது. ஆகவே, மாசி பிறக்குமுன்னரே, வேலை முடிந்த மாலைகளில் ஒத்திகை தொடங்கிவிடுகிறது.