காசல்லாத காசுகள்



கேளிக்கைப் பூங்காக்களின் பழைய நினைவு வில்லைகளைத் தேடிச் சேர்ப்போர் இன்று உளர். இவ்வேட்கை நமக்குப் புதிதன்று. திருத்தலம் சென்றோர் நினைவுக்கென உலோக வில்லை வாங்கிவருவது நெடிய மரபு. அவற்றுள் புகழ்பெற்றது இராமடங்கா. ஒருபுறம் சீதையுடன் அரியணையில் அமர்ந்த இராமன். மறுபுறம் அனுமன், அல்லது வனம் ஏகும் உடன்பிறந்தார். கடைவீதியில் இது செல்லாது. பூசையறையில் இதற்கு என்றும் மதிப்புண்டு.

இத்தகைய வில்லைகளில் பிற்காலத்தார் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரையும் 1818 என்னும் ஆண்டையும் ‘அரை அணா’ என்னும் மதிப்பையும் பொறித்தனர். கம்பெனி தெய்வ உருவத்தை ஏற்கவில்லை என்பதன்று. சென்னையில் அது அடித்த வராகன்களில் திருமால் உண்டு. ஆயின் இராமன் பொறித்த அரை அணாவை அது அடித்ததில்லை. கம்பெனி ஆட்சிப்பகுதி முழுமைக்கும் ஒரே சீரான நாணயம் வந்ததே 1835இல்தான்.

இப்பொய்யின் விலை பெரிது. இத்தகைய காசு அரிசியை ஈர்க்கும், கோடிகள் பெறும் என்பர் வஞ்சகர். அரிசியில் இரும்புத்தூள், காசில் காந்தம்; வித்தை அவ்வளவே. அதனை நம்பிச் சேமிப்பை இழந்தோர் தமிழகத்தில் பலர்.

ஆகவே சேகரிப்போர், வில்லை கிடைத்த இடத்தையும் காலத்தையும் எழுதி உடன் வைத்தல் வேண்டும். வில்லையை வில்லை என்றே கூறல் வேண்டும். தமிழில் நாணயம் என்பது காசு, நேர்மையும் அதுவே. முதற்பொருள் இல்லாத வில்லைக்கு இரண்டாம் பொருளைத் தருவது சேகரிப்பவர் கடன். சொற்களைச் சேர்க்கும் கவிஞர்க்கும் கடன் அதுவே.