பாலத்துக்கு அரசு, தேவாலயத்துக்கு உண்டியல்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய கட்டடங்களையும் பாலங்களையும் பாதுகாக்கக் கொடுக்கப்படும் நிதியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "சாதி ஒழிப்புக் கூட்டத்தில் இதற்கென்ன வேலை?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். எது நிற்க வேண்டும், எது இடிந்து போகலாம் என்று முடிவு செய்கிற பணம் அது. ஒடுக்கப்பட்டவர்களின் வரலாறு அந்தப் பணத்தின் கண்ணில் படுகிறதா என்பதுதான் என் பேச்சு. அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன்.

அலபாமா மாநிலத்தில் செல்மா என்றொரு சிறு நகரம். அங்கே ஆற்றின் குறுக்கே 1940இல் திறக்கப்பட்ட பாலத்துக்கு எட்மண்ட் பெட்டஸ் என்று பெயர். யார் இந்தப் பெட்டஸ்? அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி. கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை வெறிக் கும்பலின் அலபாமா தலைவர். 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு சுமார் 600 பேர் அந்தப் பாலத்தின் மேல் நடந்தார்கள். போலீஸ் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அவர்களை அடித்து விரட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

அந்த ஊர்வலம் எங்கிருந்து புறப்பட்டது? பிரவுன் சேப்பல் என்ற தேவாலயத்திலிருந்து. 1908இல் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று எழுப்பிய கட்டடம் அது. மூன்று பேர் கூடிப் பேசினாலே குற்றம் என்று நீதிமன்றம் தடை போட்டிருந்த காலத்தில், அதை மீறி மார்ட்டின் லூதர் கிங் பேசிய இடம். அடிபட்டவர்கள் திரும்பி வந்து சேர்ந்த இடமும் அதுதான்.

இன்று பாலம், தேவாலயம் இரண்டுமே தேசிய வரலாற்றுச் சின்னங்கள். ஆனால் பாலம் நெடுஞ்சாலையில் இருக்கிறது; அதைப் பராமரிப்பது அரசின் வழக்கமான வேலை. தேவாலயமோ சபை மக்களின் சொத்து. உத்தரத்தைக் கரையான் அரித்தபோது அவர்கள்தான் உண்டியல் ஏந்த வேண்டியிருந்தது. 2022இல் அமெரிக்காவில் அழியும் ஆபத்திலுள்ள 11 வரலாற்று இடங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. பாலத்தின் பெயரையாவது மாற்றலாமா என்றால், 2017இல் அலபாமா கொண்டுவந்த நினைவுச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. கிளான் தலைவரின் பெயரைக் கரையான் அரிப்பதில்லை, தோழர்களே!

இங்கே நிதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பாதுகாப்பு நிதித் திட்டங்கள் பலவற்றில் 'மேட்சிங் கிராண்ட்' என்றொரு விதி உண்டு. அரசு ஒரு ரூபாய் தர வேண்டுமானால் நீங்கள் ஒரு ரூபாய் காட்ட வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி, பார்க்கச் சமத்துவம் போலத்தான் இருக்கும். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சொத்து சேர்க்க விடாமல் தடுக்கப்பட்ட மக்களிடம் "உன் பங்கு எங்கே?" என்று கேட்பது சமத்துவமா?

இது புதிய கதையும் அல்ல. 1912 முதல் 1932 வரை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காகச் சுமார் 5,000 பள்ளிகள் கட்டப்பட்டன. ரோசன்வால்ட் பள்ளிகள் என்று பெயர். ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற செல்வந்தர் ஒரு பங்கு தருவார். ஊர் மக்களும் தங்கள் பங்கைத் திரட்ட வேண்டும். அவர்கள் கோழி விற்றார்கள், பருத்தி வயலில் ஒரு பகுதியைப் பள்ளிக்கென ஒதுக்கினார்கள், மரம் அறுத்தார்கள், உடலுழைப்பைக் கொடுத்தார்கள். அவர் தந்தது சுமார் 43 இலட்சம் டாலர். அந்த ஏழை மக்கள் தந்தது சுமார் 47 இலட்சம். ஆனாலும் பள்ளிகளுக்கு அவருடைய பெயர்! மீதியில் பெரும்பகுதி அரசுப் பள்ளி நிதி. அதற்கும் இந்த மக்கள் வரி கட்டியவர்கள்தான். முடிவில் கட்டடம் யாருக்குச் சொந்தம்? வெள்ளையர் கையிலிருந்த பள்ளி வாரியத்துக்கு. இன்று அவற்றில் பத்தில் ஒன்று மிஞ்சியிருக்கலாம்.

போராடியதால் விதி கொஞ்சம் அசைந்தது. 2016இல் கறுப்பினக் குடியுரிமைப் போராட்ட இடங்களுக்கென்று தனி நிதித் திட்டம் வந்தது. அதில் இணைநிதி காட்ட வேண்டியதில்லை. விதி என்பது மனிதர்கள் எழுதுவது. மாற்றியும் எழுதலாம் என்பதற்கு இது சான்று.

இனி நம் ஊருக்கு வருவோம். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டார். அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வது நமக்குப் புதிதல்ல.

நம் நாட்டின் 1958ஆம் ஆண்டு தொல்லியல் சட்டப்படி, நூறாண்டு பழமை இருந்தால்தான் ஒன்று தொன்மைச் சின்னம். கோயிலும் கோட்டையும் நூறாண்டு நிற்கும். ஓட்டு வீடு கட்டவே சேரி மக்களுக்குத் தடை இருந்த ஊரில், மண்சுவரும் கீற்றும் நூறாண்டு நிற்குமா? 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தது ஒரு குடிசைக்குள் வைத்து. அதற்குப் பழமைச் சான்றிதழை யார் தருவது? கட்ட விடாதவர்களே "உங்கள் கட்டடம் எங்கே?" என்று கேட்கிறார்கள்.

அயோத்திதாசர் மறைந்த பிறகு அவருடைய எழுத்துகளை அச்சிட்டுக் காத்தவர்கள் கோலார் தங்கவயலின் தமிழ்த் தொழிலாளர்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அத்தகைய தொழிலாளர்களின் படிப்பகம், சங்கக் கட்டடம், இரவுப் பள்ளி ஆகியவற்றுக்குப் பட்டாவும் வரைபடமும் பொறியாளர் மதிப்பீடும் இணைத்து மனுப் போட யார் இருக்கிறார்கள்? மனு இல்லை என்பதால் வரலாறு இல்லை என்றாகிவிடுமா?

எனவே நம் கோரிக்கைகள் இவை. நூறாண்டு விதிக்கு விலக்கு வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் இடங்களுக்கு இணைநிதி கேட்கக் கூடாது. ஆவணம் தயாரிக்கவே முதல் நிதி தர வேண்டும். பட்டா இல்லாத இடத்தில் ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியையும் சான்றாக ஏற்க வேண்டும். தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கென்று 2012லேயே சட்டம் இயற்றப்பட்டது. அந்த ஆணையத்தில் நம் மக்களின் இருக்கை எத்தனை என்று கேட்போம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கையில் செல்பேசி இருக்கிறது. இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, உங்கள் தெருவின் பழைய படிப்பகத்தைப் படம் எடுங்கள். அதைக் கட்டிய பாட்டன் பாட்டிகளின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். யார் கல் சுமந்தார்கள், யார் நெல் கொடுத்தார்கள் என்று பெயர் பெயராக எழுதி வையுங்கள். நாளை நாம் போடப் போகும் மனுவின் முதல் பக்கம் அதுதான்.

ஜெய்பீம்!