கழிமுகத்தில் வளரும் ஹில்சா

கடலில் வாழ்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறும் மீன்களில் மேலை நாட்டார் சால்மனைச் சிறப்பித்துப் பேசுவர். இந்தியாவில் அவ்விடத்தைப் பெறுவது ஹில்சா. வங்காளத்தில் இலிஷ் என்றும் தமிழில் உல்லம் என்றும் அது வழங்கும். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் மடிந்துவிடும். ஹில்சா கடலுக்குத் திரும்பும். எனினும், பலவகைச் சால்மன் குஞ்சுகளைப் போலவே ஹில்சாக் குஞ்சுகளும் கழிமுகத்தில் தங்கி உடல் தேறிய பின்னரே கடலை நாடுகின்றன.

பருவமழையால் ஹூக்ளியில் புதுவெள்ளம் பெருகும்போது தாய்மீன்கள் ஆற்றில் ஏறுகின்றன. ஒரு மீன் பல லட்சம் முட்டைகள் இடும். அவை ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும். நீரோட்டத்துடன் கீழே வரும் குஞ்சுகள், ஆறு கொணரும் சத்துக்களால் செழிக்கும் நுண்பாசிகளையும் நுண்ணுயிர்களையும் உண்டு வளர்கின்றன. கலங்கல் நீர் அவற்றைப் பெரிய மீன்களின் கண்ணிலிருந்து மறைக்கிறது. ஓதம் ஏறி இறங்குவதால் உப்பும் படிப்படியாகப் பழகுகிறது. ஐந்தாறு மாதங்களில் சுமார் 12 முதல் 16 சென்டிமீட்டர் நீளம் அடைந்து கடலுக்குச் செல்கின்றன.

1975-இல் ஃபராக்கா அணை இயங்கத் தொடங்கியதன் விளைவு இருவகைப்பட்டது. முன்பு அலகாபாத்தையும் கடந்து சென்ற ஹில்சா, அணைக்கு மேலே அரிதாகிவிட்டது. ஆனால், ஹூக்ளிக்குத் திருப்பிவிடப்பட்ட கங்கை நீரால் கழிமுகத்தின் உப்புத்தன்மை குறைந்து, நன்னீர்ப் பகுதி கடலை நோக்கி நீண்டது. மேலே இழந்ததற்குக் கீழே கிடைத்தது ஈடாகுமா என்பது, அலகாபாத் மீனவர் சற்றும் ஒப்புக்கொள்ளாத கணக்கு.

கழிமுகத்தில் விரிக்கப்படும் சிறுகண் பைவலைகளில் சிக்கும் குஞ்சு ஐம்பது கிராம்கூடத் தேறாது. பிழைத்து வளர்ந்தால் அதுவே ஒரு கிலோவை எட்டக்கூடும். எல்லாக் குஞ்சுகளும் பிழைத்துவிடா என்பது மெய். ஆயினும் வளர்ந்த மீனின் விலையை நோக்கினால், சிறுமீன் பிடிப்பு முதலையே உண்பதாகும். மேற்கு வங்க அரசு 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஹில்சாவைப் பிடிக்கத் தடை விதித்துள்ளது. எனினும் 'கோகா இலிஷ்' என்ற பெயரில் அது சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

இதற்கு அறியாமையைக் காரணமாகக் கூறுவது எளிது, ஆனால் சரியன்று. வலைக்கும் படகுக்கும் 'தாதன்' எனும் முன்பணம் பெற்ற மீனவன், பிடித்ததை வியாபாரியிடமே கொடுத்தாக வேண்டும். வலையை மடக்கினால் அன்றைய உலையும் இல்லை, தவணையும் இல்லை. வங்கதேசம் இதை உணர்ந்து, குஞ்சு பிடிக்கத் தடையுள்ள காலத்தில் பிப்ரவரி முதல் மே வரை, பதிவு பெற்ற மீனவக் குடும்பங்களுக்கு மாதம் 40 கிலோ அரிசி வழங்கி வந்தது. அந்நாட்டில் 2002-03-இல் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்த ஹில்சா உற்பத்தி, 2017-18-இல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. இவ்வளர்ச்சி முழுவதையும் தடையின் கணக்கில் எழுதுவது பொருந்தாது. தாய்மீன்களுக்கான அக்டோபர் தடைக்கும் இதில் பங்குண்டு.

அரிசி பசியைத் தணிக்கும். முன்பணக் கடனை அடைக்காது. ஹூக்ளிக் கரையில் தடை பயன் தரவேண்டுமாயின், வலை வாங்கும் கடன் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே கிடைக்க வேண்டும். அதன் தவணையும் குஞ்சுகள் கழிமுகத்தில் மேயும் மாதங்களில் வராதவாறு அமைய வேண்டும்.