எறும்பு வேடம் பூண்ட சிலந்தி

அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கொல்லையில் ஒரு மாமரம் உண்டு. காய்க்கும் பருவத்தில் முசுறுகள் அதில் கூடு கட்டிவிடும். சில எறும்புகள் இலைகளை இழுத்துப் பிடித்துக்கொள்ள, வேறு சில தம் இளம் புழுக்களை வாயிற் கவ்வி வந்து, அவை சுரக்கும் பட்டு நூலால் ஓரங்களை ஒட்டும். மரம் ஏறுவோரை அவை படுத்தும் பாட்டை, ஊரில் தோப்புக் கண்ட நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே ஒரு நாள், கூடுகளைக் கொளுத்திவிடப் பந்தமும் கையுமாக நின்றோம்.

அப்போது ஓர் எறும்பு, கிளையிலிருந்து நூல் விட்டுத் தொங்கியது. எறும்பு நூல் விடுமோ?

உற்று நோக்கினோம். கால்கள் எட்டு! முன்னங்கால் இரண்டை உயர்த்தி, எறும்பின் உணர்கொம்புகளைப் போல ஆட்டிக்கொண்டிருந்தது. தலையின் இரு பக்கமும் கரும்புள்ளிகள், எறும்பின் கண்களைப் போல. மெய்யான கண்கள் எட்டும் வேறே உள்ளன. நடுவுடலும் எறும்பினுடையது போலவே ஒடுங்கியிருந்தது. தாவும் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் இது தாவுவது அரிது. எறும்பு போல ஓடியே திரியும். இலங்கையில் கிடைத்த இவ்வினத்தை 1869-இல் ஆங்கிலப் பாதிரியார் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் விவரித்துப் பெயரிட்டார். கரண்டிவாயன் என்னும் நீர்ப்பறவையை ஒத்தது என்பது அப்பெயரின் பொருள். தென்கிழக்காசிய மழைக்காடுகளிலும் இஃது உண்டு. முசுறு இருக்குமானால் நகரத்து மாமரமும் இதற்குப் போதும்.

வேடமிட்டு வாழ்வது எளிதென்று எண்ணவேண்டா. கடித்து அமிலம் பீச்சும் முசுறை அஞ்சிப் பல விலங்குகள் ஒதுங்குவதால் சிலந்திக்குக் காவல் கிடைக்கிறது. ஆனால் முசுறே அதனைத் தொட்டுவிட்டால் கொன்றுவிடும். கூரிய பார்வையால் எதிரே வரும் எறும்பைக் கண்டு விலகி விலகியே அது நாளைக் கழிக்கிறது. இரையாகப் பிடிப்பதும் பெரும்பாலும் பிற பூச்சிகளையே.

ஆணின் பாடு இன்னும் கடினம். முன்னே நீண்ட அதன் தாடைகள், எறும்பொன்று மற்றோர் எறும்பைச் சுமந்து செல்வது போலத் தோன்றும். எறும்பையே விரும்பி உண்ணும் வேறு வகைச் சிலந்திகளுக்கோ, சுமையோடு செல்லும் எறும்பு எளிய இரை! மேலும் பெண்ணின் பற்களிலுள்ள நச்சுக்குழாய் ஆணின் நீண்ட பற்களில் இல்லை; இரையை ஈட்டி போலக் குத்தித்தான் பிடிக்கவேண்டும்.

கூட்டைக் கொளுத்தினால் இச்சிலந்திக்குப் புகலிடம் ஏது? பந்தத்தை அணைத்தோம். அவ்வாண்டு மாங்காயைத் துறட்டியாற் பறித்தோம். அப்படியும் இரண்டு முசுறுகள் கழுத்தில் விழுந்து கடிக்கவே செய்தன.