கருப்புச் சட்டையும் நம்ம வீட்டுக் கணக்கும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு "போதையும் சட்டமும்". வக்கீல்கள் பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் எந்த வீட்டில் கடன் தவணை ஏன் நிற்கிறது என்று நமக்குத்தானே தெரியும்? அதனால் நாமும் பேசலாம்.

முதலில் ஒரு வேடிக்கை. நம் மாநிலத்தில் மதுவுக்கான சட்டத்தின் பெயரே மதுவிலக்குச் சட்டம். 1937-ல் ராஜாஜி கொண்டுவந்தது, சேலம் மாவட்டத்தில் முதலில் அமலானது. டாஸ்மாக் கடை நடத்த 2003-ல் போட்ட விதிகளும் அந்த மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான் இருக்கின்றன! விலக்கு என்று பேர் வைத்துக்கொண்டே விற்கிறார்கள். 2023-24-ல் இதில் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

ஆனா மரம் ஏறிக் கள் இறக்கினால், 1987-லிருந்து குற்றம். பழனியைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கள்ளுக்கடைக்கு லைசென்சே உண்டு. கள் வேணும்னு நான் சொல்ல வரலை. எதைக் குடிச்சுட்டு வந்தாலும் அடி வாங்குறது நாமதான். ஆனா மரமேறிக்கு வழக்கு, பாட்டிலுக்குக் கடைன்னா அது என்ன நியாயம்?

புகையிலையும் அப்படித்தான். குட்கா, பான்மசாலாவுக்கு 2013-ல் தடை போட்டார்கள். பீடி, சிகரெட் எல்லா பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. வேடசந்தூரில் புகையிலைக்கென்றே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. (வெற்றிலையோடு புகையிலை அடக்கியிருக்கிற அக்காமார் இங்கேயும் இருக்கீங்க, சிரிக்க வேண்டாம்.)

இப்போது கட்சிகளுக்கு வருவோம். சில்லறை விற்பனையை 2003-ல் அரசே எடுத்தது அ.தி.மு.க. ஆட்சியில். 2006-ல் தி.மு.க. வந்தது, கடை நடந்தது. 2016 தேர்தலில் இரண்டு கட்சியும் மதுவிலக்கு பேசின. ஜெயலலிதா அம்மா அந்த வருடம் 500 கடை மூடினார். 2023-ல் தி.மு.க. அரசும் 500 கடை மூடியது. மீதிக் கடைகள் இரண்டு பேர் ஆட்சியிலும் ஓடின.

2020 மே 7 நினைவிருக்கிறதா? ஊரடங்கில் வேலையில்லாமல் கிடந்தபோது டாஸ்மாக்கைத் திறந்தார்கள். தி.மு.க.வும் கூட்டணிக் கட்சிகளும் கருப்புச் சட்டை போட்டு வாசலில் நின்றார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அப்போது சட்டசபைக்குக் கருப்புச் சட்டையில் வந்தது அ.தி.மு.க. சட்டை ஒன்றுதான், போடுகிற ஆள்தான் மாறுகிறார்.

நாமும் சும்மா இல்லை. ஒரு குழுக் கூட்டத்தில் கடை பேச்சை எடுத்ததும், "இது எதிர்க்கட்சிப் பேச்சு, நிறுத்துங்க"ன்னாங்க ஒரு அக்கா. ஆட்சி மாறினதும் அதே பேச்சை அவங்களே எடுத்தாங்க. அடி வாங்குற கன்னத்துக்குக் கட்சி உண்டா?

இதில் நான் அதிகம் கவலைப்படுவது பிள்ளைகளைப் பற்றி. அப்பன் நாற்பது வருஷம் கடையில் குடித்துவிட்டு வீட்டுக்கு வரலாம். பையன் கஞ்சா பொட்டலத்தோடு மாட்டினால் ஸ்டேஷன், கோர்ட்டு, ஜாமீன். 1985 போதைப்பொருள் சட்டத்தில் ஒரு கிலோவுக்குக் குறைந்த கஞ்சா என்றால் ஒரு வருடம் வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 வருடம். விற்கிறவனை விடச் சொல்லவில்லை. ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, பல தாய்மாருக்குத் தெரியாது. பழக்கத்துக்கு அடிமையாகி, உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ மாட்டியவர், தானாக முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர்மேல் வழக்கு நடத்த மாட்டார்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தச் சலுகையை எடுத்துவிடலாம். வக்கீலிடம் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். ஆலோசனைக்கு 14446, இலவச எண். மானம் போச்சேன்னு மறைச்சு வைக்காதீங்கம்மா.

கடை விஷயத்தில் ஒரு வேலை. விதிப்படி கோயில், பள்ளிக்கூடத்திலிருந்து கிராமத்தில் 100 மீட்டர், நகராட்சியில் 50 மீட்டர் தள்ளிக் கடை இருக்க வேண்டும். அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கிராமசபையில் எழுந்து கேளுங்கள். தீர்மானம் போட்ட மறுநாளே மூடிவிடுவார்கள் என்று நம்ப வேண்டாம், ஆனால் நகல் வாங்காமல் வராதீர்கள். அதை வைத்து கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம்.

மனு மாதிரி அந்த மேசையில் இருக்கிறது. ஒன்றியம் வாரியாக வாங்கிக்கொள்ளுங்கள்.