பிளேடு போட வந்திருக்கிறேன்!

பேராசிரியர் எழுந்தாலே, “பிளேடு போட வந்துட்டாருய்யா” என்பீர்கள். சவர ரேசரில் பழசா, புதுசா என்று தலைப்புக் கொடுத்தால் வேறென்ன செய்வது?

1904-இல் அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் காப்புரிமை பெற்ற ரேசரில், இன்றைய இருபுறக் கூர் பிளேடும் பொருந்துகிறது. எதிரணியின் புது ரேசருக்கோ அந்தந்தக் கம்பெனித் தலைதான் வேண்டும். அது கடையில் நின்றுபோனால் பிடி குப்பைக்கு!

அதற்காகப் பழசெல்லாம் உசத்தியா? இல்லை. மரை தேய்ந்திருக்கிறதா, பிளேடு இரண்டு பக்கமும் சமமாக உட்காருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கோணலாக உட்கார்ந்தால் கன்னம் கிழியும்.

எங்கப்பா அப்படியொரு ரேசரை நாற்பது வருஷம் வைத்திருந்தார். கடைசிக் காலத்தில் கை நடுங்கியது. “நீயே வழிச்சு விடுடா” என்றார். எனக்குப் பயம், அழுத்திவிட்டேன். லேசாக ரத்தம். அவர் கோபப்படவில்லை. “அழுத்தாதேடா, அதோட கனமே போதும்” என்றார்.

ஐயா, அன்றைக்குத்தான் புரிந்தது. பழைய ரேசரும் பெரியவர்களும் ஒன்று. நாம் அழுத்தக் கூடாது. பக்குவமாகப் பிடித்தால் போதும். நல்ல பழசு கிடைத்தால் தைரியமாக வாங்குங்கள்!